முதுகில் கேட்கும் சொடக்கு எதைச் சரிசெய்கிறது?

திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழாமல் கோப்பு பார்க்கிறவருக்கும், வேலூர் சாலையில் நாள் முழுக்க பைக் ஓட்டுகிறவருக்கும், கழனியில் குனிந்து நாற்று நடுகிறவருக்கும் பொதுவான நோவு ஒன்று உண்டென்றால் அது இடுப்புவலிதான். குனிந்து குடத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சிலர் சுளுக்கு எடுப்பவரிடம் போகிறார்கள். சிலர் கால் முன்னே வரப் பிறந்த ஒருவரைத் தேடிப்பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்கிறார்கள். கழுத்துப் பிடிப்பு என்றால் சலூன் நாற்காலியே போதும். முடி வெட்டி முடித்ததும் தலையை இரு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஒரு திருப்பு. இந்த வரிசையில் இப்போது கைரோபிராக்டிக்கும் சேர்ந்துவிட்டது. பெருநகரங்களில் நிலையங்கள் வந்துவிட்டன. அவற்றின் காணொளிகள் ஊர்தோறும் கைப்பேசிகளில் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் கடைசியில் கேட்பது ஒரே சத்தம்: டக். படுத்திருந்தவர் எழுந்து, வலி குறைந்துவிட்டது என்கிறார். பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் உடம்புக்குள் நடந்தது என்ன, அதற்காக இந்தச் சிகிச்சையை நாடலாமா என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்புக்கு ஒரு பதில், கழுத்துக்கு வேறு பதில், தலைவலிக்கு மூன்றாவது பதில். மூன்றையும் ஒரே சத்தத்தை நம்பி முடிவு செய்வதில்தான் ஆபத்து.

கைரோபிராக்டிக் நம் ஊர்க்காரர்கள் நினைக்கிற அளவுக்குப் புதிதல்ல. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், காது கேளாத ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைத் தள்ளிச் சரிசெய்ததாகவும், அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் அறிவித்தார். அதன்மேல் ஒரு கோட்பாடு எழுந்தது: முள்ளெலும்புகள் இம்மியளவு இடம்பெயர்ந்து நரம்புகளை நெருக்குகின்றன, பெரும்பாலான நோய்களுக்கு அதுவே காரணம், எலும்பை இடத்தில் வைத்தால் உடம்பு தானே குணமாகும். உடற்கூறு இதற்கு இடம் கொடுக்கவில்லை. செவி நரம்பு மூளையிலிருந்து நேராகக் காதுக்குப் போகிறது. முதுகெலும்பின் வழியாகப் போவதே இல்லை. ஆனாலும் ஒரு சிகிச்சை தவறான காரணத்தைச் சொல்லிக்கொண்டே சரியான பலனைத் தரலாம். அதனால் கோட்பாட்டைத் தனியாகவும் பலனைத் தனியாகவும் சோதிக்க வேண்டும். மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய், மிகக் குறுகிய தூரம், மிக வேகமாக ஒரு தள்ளு தள்ளுவதுதான் இதன் மையச் செயல். இதைச் ‘சொடுக்குச் சிகிச்சை’ என்று வைத்துக்கொள்வோம். கைரோபிராக்டிக்காரர்கள் மட்டுமல்ல, பிசியோதெரபிஸ்டுகளில் சிலரும் ஆஸ்டியோபதி படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள்.

முதலில் சத்தம். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் முதுகில் கேட்பதும் ஒரே வகை. 1947-இல் லண்டனில் ரோஸ்டன், ஹெய்ன்ஸ் என்ற இருவர் விரல் மூட்டுகளை எடை கட்டி இழுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சத்தம் வந்ததும் மூட்டுக்குள் ஒரு வெற்றிடம் தெரிந்தது. இரண்டு எலும்புகளின் முனைகளுக்கு நடுவே வழவழப்பான மூட்டுநீர் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கிறது. முனைகளைச் சட்டென்று பிரித்தால் உள்ளே அழுத்தம் விழுகிறது. கோலி சோடாவின் குண்டை உள்ளே தள்ளியதும் நுரைப்பதுபோல, கரைந்திருந்த வாயு வெளிப்பட்டுக் குமிழாகிறது. 1971-இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குமிழ் சுருங்கி உடைவதே சத்தம் என்றார்கள். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் கவ்சக் குழு, விரல் சொடுக்கப்படும் கணத்தையே எம்ஆர்ஐ-யில் படமாக ஓடவிட்டுப் பார்த்து, குமிழ் பிறக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றது. 2018-இல் வந்த ஒரு கணக்கு மாதிரி, ஓரளவு உடைந்தாலே போதும் என்று பழைய கருத்துக்குத் திரும்ப வலு சேர்த்தது. பிறப்பா உடைவா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்று: சத்தம் வாயுக் குமிழினுடையது. எலும்பு எங்கோ போய் உட்கார்ந்த சத்தமில்லை. ஒருமுறை சொடுக்கிய விரலை மறுபடி சொடுக்க ஏறக்குறைய இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

சத்தம் குமிழாகவே இருக்கட்டும், எலும்பும் கூடவே நகர்ந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1998-இல் சுவீடனில் டுல்பெர்க் என்பவரின் குழு, இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டில் கோளாறு உள்ளதாகக் கண்ட பத்துப் பேரின் எலும்புகளில் நுண்ணிய டாண்டலம் உலோகக் குண்டுகளைப் பதித்தது. சொடுக்குவதற்கு முன்னும் பின்னும், மிகச் சிறு அசைவையும் பிடிக்கும் எக்ஸ்ரே முறையால் குண்டுகளின் இடத்தை அளந்தார்கள். தொட்டுப் பார்த்துச் சோதித்தவர்கள் மூட்டு சரியாகிவிட்டது என்றார்கள். குண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2003-இல் அமெரிக்காவில் ஹாஸ் குழு வேறொரு கோணத்தில் சோதித்தது. கழுத்துவலியுள்ள 104 பேரைக் கைரோபிராக்டிக்காரர்கள் விரலால் அழுத்திப் பார்த்து, எந்த முள்ளெலும்பில் இறுக்கம் என்று குறித்தார்கள். பாதிப் பேருக்கு அப்படிக் குறித்த இடத்தில் சொடுக்கினார்கள். மற்றவர்களுக்குக் கணினி தற்செயலாகத் தேர்ந்த இடத்தில் சொடுக்கினார்கள். செய்தவர்களுக்கு அது தெரியாது. இரு கூட்டத்துக்கும் வலி ஒரே அளவுதான் குறைந்தது. குறிப்பிட்ட எலும்பைச் சரியான இடத்தில் வைப்பதுதான் சிகிச்சை என்றால் இந்த முடிவு வந்திருக்க முடியாது. ‘உங்கள் எல்-4 விலகியிருக்கிறது, அதை உள்ளே தள்ளிவிட்டேன்’ என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்தை நம்ப வேண்டியதில்லை.

ஸ்கேன் படம் காட்டி இதே கதையைச் சொல்வதும் நடக்கிறது. ‘ஜவ்வு விலகியிருக்கு’ என்ற சொல் கேட்டவரை வருடக்கணக்கில் பயத்தில் வைக்கிறது. 1994-இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. ஜவ்வு நரம்பை உண்மையாகவே அழுத்திக் காலில் மரப்பும் பலக்குறைவும் தரும் நேரங்கள் உண்டு. படத்தில் தெரியும் புடைப்பெல்லாம் வலிக்குக் காரணம் என்று கொள்ள மட்டும் ஆதாரமில்லை. இடுப்புவலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேரிடம் இதுதான் காரணம் என்று எந்த ஒரு திசுவையும் சுட்டிக்காட்ட இயலாது என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலை.

எலும்பு நகரவில்லை என்றால் எழுந்தவருக்குக் குறைந்த வலி என்ன ஆயிற்று? இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. ஒன்று, வேகமான இழுப்பு தசையிலும் மூட்டுறையிலும் உள்ள உணர்நரம்புகளைத் தூண்டுகிறது. தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைச் சற்று நேரம் அடக்கி வாங்குகின்றன. சொடுக்கிய பின் அந்த இடம் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். வலி குறைவது உண்மை. அது எலும்பில் நடக்காமல் நரம்பில் நடக்கிறது. மற்றொன்று காலம். வலி தாங்க முடியாத உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் யாரையாவது தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் இறக்கம்தான். 2014-இல் ஆஸ்திரேலியாவில் புதிதாக இடுப்புவலி வந்த 1,652 பேரை வைத்து பாராசிட்டமாலைச் சோதித்தபோது, மாத்திரையைத் தவறாமல் எடுத்தவர்கள் பாதிப் பேர் குணமாக 17 நாள் ஆயின. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். அந்தப் பதினாறு நாளுக்குள் சுளுக்கு எடுத்திருந்தாலும் கால்வழிப் பிறந்தவர் மிதித்திருந்தாலும் பெயர் அவர்களுக்குத்தான் போயிருக்கும். அலோபதி மாத்திரைக்கும் அதே அளவுகோல்தான் என்பதையும் இந்தச் சோதனை காட்டுகிறது.

எங்கள் தெருவில் இன்னார் குணமானார் என்ற சாட்சியம் ஏன் போதாது என்பதற்கு, நம் மாநிலத்திலேயே உலகம் போற்றிய சான்று இருக்கிறது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் பிழைக்கவைக்கும் என்று 1950-களில் எல்லோரும் நம்பினார்கள். அங்கே போனவர்கள் குணமானதும் உண்மை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் 193 நோயாளிகளை, யார் விருப்பத்துக்கும் விடாமல், குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு கூட்டம் சானடோரியத்தில். மற்றது நெரிசலான, வறுமையான தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-இல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமாகியிருந்தார்கள். குணப்படுத்தியது மருந்து, படுக்கையும் காற்றும் உடனிருந்தவை மட்டுமே. இந்தக் குலுக்கல்முறை ஒப்பீட்டுச் சோதனை வந்திராவிட்டால் ஏழை நாடுகள் கட்டவே முடியாத சானடோரியங்களுக்காகக் காத்திருந்திருக்கும். எந்தச் சிகிச்சையைப் பற்றியும் ‘பலன் உண்டா’ என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். ‘எதோடு ஒப்பிட்டால்’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் இடுப்புவலிக்குக் கிடைக்கும் விடை சொடுக்குச் சிகிச்சைக்குப் பாதகமாக இல்லை. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 9,211 பேர் கலந்துகொண்ட 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட முறைகள் தரும் அளவு நிவாரணத்தை இதுவும் தருகிறது. மிகையாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையில், உடற்பயிற்சியோடும் விளக்கக் கல்வியோடும் சேர்த்து இதையும் நிபந்தனையோடு ஏற்றிருக்கிறது. இழுவைச் சிகிச்சையையும் இடுப்புப் பட்டையையும் வேண்டாம் என்றிருக்கிறது. ஆனால் பலனின் அளவைத் தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவுவது 1998-இல் அமெரிக்காவில் செர்க்கின் குழு 321 பேரிடம் நடத்திய சோதனை. ஒரு கூட்டத்துக்குக் கைரோபிராக்டிக், ஒன்றுக்கு பிசியோதெரபி, மூன்றாவது கூட்டத்துக்கு முதுகுவலியைப் பற்றிய ஒரு சிறு கையேடு மட்டும். முதல் இரண்டும் சமம். கையேடு வாங்கிப் போனவர்களைவிட இவர்கள் கொஞ்சமே முந்தினார்கள். செலவோ இரண்டாண்டில் ஆளுக்கு 430 டாலர் அளவில். கையேட்டுக் கூட்டத்துக்கு 153 டாலர். ஆகவே இடுப்புவலிக்கு, பயிற்சி பெற்றவரிடம், சில அமர்வுகள் முயன்று பார்ப்பதில் தவறில்லை. பத்து, இருபது அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னாலோ, வலி போன பிறகும் ‘பராமரிப்புக்கு’ மாதாமாதம் வரச் சொன்னாலோ, எழுந்து வந்துவிடலாம்.

கழுத்து வேறு கதை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நான்கு தமனிகளில் இரண்டு, கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக நூல் கோத்ததுபோல் மேலேறி, உச்சியிலுள்ள முதல் முள்ளெலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையை இடதும் வலதும் திருப்பும் அசைவில் பாதி நடப்பது உச்சியின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான். ஆகவே தலையைச் சட்டென்று திருகினால் அந்த வளைவில் தமனி இழுபடுகிறது. எப்போதாவது தமனியின் உட்சுவர் கிழியும். இதைத் தமனிக் கிழிவு என்போம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். தமனிக் கிழிவு மொத்தத்திலேயே அரிது, ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவர் முதல் மூவர் வரை. ஆனால் இளவயதுப் பக்கவாதத்துக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. 2024-இல் கர்நாடகத்தில் சலூனில் கழுத்தைத் திருப்பிவிட்ட பிறகு முப்பது வயது இளைஞருக்குப் பக்கவாதம் வந்த செய்தி பரவலாக வெளியானது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். எத்தனையோ வருடமாகச் சலூனில் திருப்பிக்கொள்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பது முதலாவது. லட்சத்தில் ஒருவருக்கு நேர்வதைத் தன் அனுபவத்தால் ஒருவர் அறிய முடியாது. இத்தனை வருடம் ஒன்றும் ஆகாதது அந்த அரிய எண்ணோடு பொருந்துகிறதே தவிர, அதைப் பொய்யாக்கவில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. கனடாவின் ஒன்டாரியோவில் ஒன்பதாண்டுப் பதிவுகளிலிருந்து இவ்வகைப் பக்கவாதம் வந்த 818 பேரை ஆராய்ந்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. 45 வயதுக்குக் கீழே, பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டிக்காரரிடம் போனவர்களிடம் தொடர்பு தெரிந்தது. சாதாரண மருத்துவரிடம் போனவர்களிடமும் அதே தொடர்பு தெரிந்தது. மருத்துவர் யாரும் கழுத்தைத் திருகுவதில்லை. அப்படியென்றால் தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியிருக்கலாம். அதன் முதல் அறிகுறியான கழுத்துவலியும் தலைவலியும்தான் அவர்களை இருவரிடமும் கொண்டுபோயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதை நான் ஏற்கிறேன். ஏற்ற பிறகு கவலை கூடுகிறது. கிழிந்துகொண்டிருக்கும் தமனி வெளியே தெரிவது வெறும் கழுத்துப் பிடிப்பாகத்தான். கையால் தொட்டு அதைப் பிரித்தறிய யாராலும் முடியாது. அந்தக் கழுத்தைத் திருகுவது நல்லதில்லை என்று சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

ஆபத்து இம்மியளவாக இருந்தாலும் அதற்கு ஈடாகப் பெரிய பலன் இருந்தால் ஏற்கலாம். அந்தப் பலன் இல்லை. 2012-இல் ப்ரோன்ஃபோர்ட் குழு கழுத்துவலியுள்ள 272 பேரை மூன்றாகப் பிரித்தது: சொடுக்குச் சிகிச்சை, மருந்து, வீட்டிலேயே செய்யும் பயிற்சி. மருந்தைவிடச் சொடுக்கு மேல். ஆனால் இரண்டே அமர்வுகளில் கற்றுக்கொடுத்த எளிய கழுத்துப் பயிற்சியும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. பன்னிரண்டு வாரம் போய் வந்து பெறுவதைச் சுவரோரம் நின்று செய்யும் பயிற்சியால் பெறமுடியும் என்னும்போது, தமனியைப் பணயம் வைக்கக் காரணமே இல்லை. கழுத்தைச் சொடுக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டம் பெற்றவர் என்றாலும் சரி, சலூன்காரர் என்றாலும் சரி.

தலைவலிக்கு முன்னே நிற்கும் கேள்வி, எந்தத் தலைவலி என்பது. ஒற்றைத் தலைவலிக்கு நார்வேயில் சைபி குழு 104 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட சோதனை நேர்த்தியானது. ஒரு கூட்டத்துக்கு உண்மையான சொடுக்கு. ஒன்றுக்குப் பாவனைச் சிகிச்சை, அதாவது தோள்பட்டை, பிட்டப் பகுதிகளில் முதுகெலும்பைத் தொடாத போலித் தள்ளு. உண்மையா போலியா என்று நோயாளிகளால் பிரித்தறிய முடியவில்லை. இரு கூட்டத்திலும் தலைவலி நாட்கள் குறைந்தன, ஒரே அளவில். கவனிப்பும் தொடுதலும் எதிர்பார்ப்பும் உதவுகின்றன. கழுத்து எலும்புக்கு அதில் பங்கில்லை. கழுத்துக் கோளாறிலிருந்து கிளம்பும் தலைவலியில் மட்டும் சற்று நல்ல செய்தி உண்டு. 2018-இல் 256 பேரிடம் நடத்திய சோதனையில், பதினெட்டு அமர்வுகள் பெற்றவர்களுக்கு, மென்மையான மசாஜ் மட்டும் பெற்றவர்களைவிட நான்கு வாரத்தில் மூன்று நாள் அளவுக்குத் தலைவலி கூடுதலாகக் குறைந்தது. மூன்று நாள் அற்பமில்லை. பதினெட்டு முறை கழுத்தைத் திருகி வாங்கும் விலை எனக்கு அதிகமாகத் தெரிகிறது. இதற்கு முன் கண்டிராத, திடீரென்று இடியாக இறங்கும் தலைவலி, பார்வை இரட்டிப்பது, நாக்குக் குழறுவது, நடையில் தள்ளாட்டம் இவற்றோடு வரும் தலைவலி என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் இன்னும் இரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்று, உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. முதுகெலும்பையும் அரிக்கும், அப்போது முதலில் தெரிவது சாதாரண முதுகுவலிதான். மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் யாரும் முதுகில் கைவைக்கும் முன் பரிசோதனை நடந்தாக வேண்டும். முதுகெலும்புக் காசநோயை மாத்திரையால் குணப்படுத்தலாம் என்பதைக் காட்டிய சோதனைகளில் சிலவும் அதே சென்னை மையத்திலிருந்து வந்தவை. அரித்த எலும்பைச் சொடுக்கினால் அது நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்தக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு மெலிவு, முன்பு வந்த புற்றுநோய், முடக்குவாதம் இருந்தாலும் சொடுக்கு ஆகாது. கால் பலவீனமாவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

இரண்டாவது, செய்பவர் யார் என்பது. பிரிட்டனில் 1994-இல் கைரோபிராக்டிக்காரர்களுக்கென்றே சட்டம் வந்தது. பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டமோ பதிவு மன்றமோ இல்லை. பிசியோதெரபிக்கு முறையான படிப்பு உண்டு. 2021-இன் துணைநிலை மருத்துவப் பணியாளர் சட்டமும் அதை உள்ளடக்கியது. அதனால் இடுப்புக்குச் சொடுக்கு வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சியோடு சேர்த்து வாங்கிக்கொள்வதையே சொல்வேன். சித்த மருத்துவத்தின் தொக்கணமும் வர்மமும் இதனோடு ஒன்றல்ல. அவற்றைப் பழிக்கவோ உயர்த்தவோ இந்தச் சோதனைகள் இடம் தரவில்லை. அவற்றையும் இதே குலுக்கல்முறையால் சோதிப்பதுதான் மரியாதை. வலி ஒருமுறை போனவர்களுக்கு அது திரும்பாமலிருக்க என்ன செய்யலாம் என்பதற்கும் தெளிவான விடை ஒன்று வந்திருக்கிறது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்திய சோதனையில், படிப்படியாகக் கூட்டி வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம் நடக்கப் பழகியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். மாதாமாதம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் ஊருக்கு இது கடினமில்லை. ஆனால் மாதம் ஒருமுறை நீண்ட நடை போதாது. வேண்டியது அன்றாட அரைமணி நேரம்.

கழுத்துத் திருகலால் இங்கே எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை எண்ண யாரும் இல்லை. சொடுக்கிய ஒரு வாரம் கழித்து வரும் பக்கவாதத்தை யாரும் சலூனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மற்ற மாவட்ட மருத்துவமனைகளிலும், ஐம்பது வயதுக்குள் பக்கவாதத்தோடு வருகிற ஒவ்வொருவரிடமும், கடந்த சில வாரங்களில் யாராவது உங்கள் கழுத்தைத் திருப்பினார்களா என்று ஒரு கேள்வி கேட்டுப் பதிவேட்டில் எழுதலாம். முடிதிருத்துவோர் சங்கங்களுக்குச் சுகாதாரத் துறை ஒரு துண்டறிக்கை கொடுக்கலாம். தலைக்கு எண்ணெய் தேய்த்து விடுவதில் குறையொன்றும் இல்லை, கழுத்தைத் திருப்புவதை மட்டும் விட்டுவிடச் சொல்லி.